முந்நூறு வரை எண்ணுதல்

கறுத்தத் தட்டில் அறுபது கட்டங்கள்.
தூரிகை நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்குகிறேன்.
கூடாது என்பாள் ஹிருணி. அவளும் செய்வதுதான்.
ஓடொன்றை ஒற்றியெடுத்துப்
பதினேழாம் கட்டத்தில் விடுகிறேன்.

சீனிக் குறுணியைவிடச் சிறிது.
உள்ளே அறைகள், ஒன்றைவிட ஒன்று பெரிதாய்,
பிள்ளைகள் பிறக்கப் பிறக்க இழுத்துக் கட்டிய வீடு போல.
குடியிருந்ததோ ஒற்றைக் கலம்.

வெளியே மட்டக்குளியில் மழை.
களனி ஆறு சேற்றோடும் பொலித்தீனோடும்
கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.
அதுவும் ஒருநாள் யாருடையவோ சல்லடைக்கு வரும்.

மன்னார்க் குடாவின் அடியில் துளைத்தெடுத்த
நாலு மீற்றர்ச் சேறு
குளிரறையில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது.
நான் இறங்கி வந்திருப்பது
நூற்றுத் தொண்ணூறாம் சென்ரிமீற்றருக்கு.
பனியூழி முடியும் தறுவாய்.

நீர் சுட்டால்
கல்சியத்தின் இருக்கையில் மக்னீசியம் வந்து குந்தும்.
கோட்டை பஸ்ஸில் போலத்தான்,
எழும்பச் சொல்ல ஏலாது.
உயிர் போன பிறகும் குந்தினது குந்தினதுதான்.
எத்தனை பேர் என்று இயந்திரம் எண்ணித் தர
நான் அதைப் பாகையில் எழுதுகிறேன்:
இன்றையைவிட இரண்டரை குறைவு.
இரண்டாவது சேட்டுத் தேவைப்படாத குளிர்.

இங்கே அவ்வளவுதான்.
எங்கோ வடக்கில் நீரெல்லாம் பனியாய் ஏறிக்கிடக்க
கடல் நூற்றிருபது மீற்றர் இறங்கியிருந்தது.
தலைமன்னாரிலிருந்து அக்கரைக்குக்
கால் நனையாமல் போகலாம்.
(நாங்கள் போனபோது கடல் ஏறிவிட்டிருந்தது.
வள்ளத்தில். இரவில்.)

ஆழத்துக்கு வேறு கணக்கு.
மேலே மிதந்தவை எத்தனை, அடியில் ஊர்ந்தவை எத்தனை.
மிதந்தவை கூடக்கூட ஆழம் கூடும்.
முந்நூறாவது எண்ண வேண்டும்.
குறைந்தால் அது ஊகம்.
முந்நூறு என்பது இரண்டு பகலும்
ஒரு கழுத்துப் பிடிப்பும்.

ஞாயிறு, துறைமுக நகரத்துப் புதுக் கரையில்
இறால் வடை தின்றோம்.
அறைக்கு வந்து சப்பாத்தைக் கவிழ்த்தேன்.
விழுந்த மணலைக்
கடதாசியில் மடித்துப் பைக்குள் வைத்தேன்.
தொழில் விடவில்லை.

திங்கள் காலை பார்த்தால், இருந்தார்கள்.
தேய்ந்து, விளிம்புடைந்து, மஞ்சள் பாரித்து,
இருபது மீற்றர் நீரில் வாழ்கிறவர்கள்.
கப்பல் கடலடியை உறிஞ்சிக் கக்கிய மணல்.
இவர்களை நம்பினால்
பட்டம் விட்ட பிள்ளைகளும்
வடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியும்
அதன் மேல் எரிந்த ஒற்றை பல்பும்
இருபது மீற்றர் தண்ணீருக்கு அடியில்.

ஓடு பொய் சொல்லவில்லை.
இருந்த இடத்தைச் சொல்கிறது.
கிடக்கிற இடத்தை
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் படிவத்தில் இதற்கென ஒரு நிரல் உண்டு:
இடம்பெயர்ந்தவை.
மொத்தத்தில் சேர்க்கக் கூடாது.
வேறாகக் குறிக்க வேண்டும்.
முதல் வருடம் அந்தச் சொல்லில்
என் பேனை கொஞ்சம் நின்றது.
இப்போது நிற்பதில்லை.

"பெலிசிற்றா, உங்கட ஊர் பேசாலைதானே?"
ஹிருணி சும்மாதான் கேட்டாள்,
அவள் மாமா அங்கே காற்றாலை வேலைக்குப் போகிறாராம்.
ஓம் என்றேன்.
மண்டபம், மடு, பள்ளிமுனை,
இப்போது அளுத்மாவத்தையில்
தண்ணீர் ஏறாத மூன்றாம் மாடி.
இவை எதையும் சொல்லவில்லை.
மீன் அங்கே மலிவு என்றேன்.

இருநூற்றுத் தொண்ணூற்று நாலில் கரண்ட் போனது.

தூரிகை நுனியில் ஒருத்தி.
மிதந்தவளா ஊர்ந்தவளா, இன்னும் பார்க்கவில்லை.
கையை அசைக்காமல் இருக்கிறேன்.
ஈரம் காய்ந்தால் விழுந்துவிடுவாள்,
பெருமூச்சு விட்டாலும் போய்விடுவாள்.
ஆகவே சின்னச் சின்னதாய் மூச்சு.

கீழே யாரோ ஜெனரேற்றரின் கயிற்றை இழுக்கிறார்கள்.
ஒரு தரம்.
இன்னொரு தரம்.